இடது தோள், மூன்றாவது வரிசை

ஜனவரியில் ரீகாவில் காலை ஒன்பது மணிக்குத்தான் விடியும். அதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். எவியா அப்படி வருவாள். நானும் வருவேன். எங்கள் கட்டடத்தில் முதலில் விளக்கு எரிவது இரண்டு ஜன்னல்களில்தான். அவளுடையது கீழே, சோதனைக்கூடத்தில். என்னுடையது மேல்மாடியில்.

எங்களுக்குள் பகை உண்டா என்று கேட்டீர்கள். கிடையாது. பல வருடங்களாக ஒரே கெட்டிலில் காபி போட்டுக் குடித்தவர்கள் நாங்கள். அவள் கணவன் விட்டுப் போனபோது என் வீட்டில்தான் வந்து தங்கினாள். கூடவே மகன் ரெனார்ஸ். அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். நான் வைத்த கஞ்சி அடிப்பிடித்திருந்தது. குறை சொல்லாமல் சாப்பிட்டான். என்னை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

நீங்கள் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் கைப்பகுதியை இழுத்துப் பாருங்கள். நெடுக்கே இழுத்தால் ஒரு மாதிரி வரும், குறுக்கே இழுத்தால் வேறு மாதிரி வரும். முழங்கையை மடக்கினாலும் சுருக்கம் விழாமல் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். நெய்த துணி அப்படி உட்காராது. பின்னல் துணியில் நூல் நேராக ஓடுவதில்லை, கண்ணி கண்ணியாக வளைந்து ஓடுகிறது. அதனால்தான். கம்பளி நூலுக்குப் பதிலாகக் கண்ணாடி இழையைக் கொண்டு இதே போல் பின்னி, ஒரு அச்சின் மேல் போர்த்தி, ரெசின் பிசினில் ஊறவைத்து இறுகவிட்டால், அச்சின் வடிவத்தில் ஒரு ஓடு கிடைக்கும். கையால் தூக்கினால் எடையே தெரியாது.

அந்த ஓடு எவ்வளவு தாங்கும் என்பதைக் கணினியில் சொல்வது என் வேலை. ஒரே ஒரு கண்ணியை வரைந்துகொள்வேன். அதன் வளைவை நுண்ணிய துண்டுகளாக நறுக்குவேன். ஒவ்வொரு துண்டும் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று பார்ப்பேன். இழை தன் நீளவாக்கில் பலமானது. குறுக்கே அடித்தால் பலம் ஒன்றும் இல்லை. எல்லாத் துண்டுகளின் பலத்தையும் திசைக்கேற்பக் கூட்டினால் அந்தக் கண்ணியின் பலம் வந்துவிடும். ஒரு கண்ணியைச் சரியாகச் செய்தால் போதும். மற்றவை அதன் நகல்கள்.

எவியா செய்தது வேறு வேலை. அவள் துணியைப் பின்னுவாள், இறுக்குவாள், பட்டைகளாக வெட்டுவாள், இயந்திரத்தில் மாட்டி அறுந்து போகும்வரை இழுப்பாள். நான் கணித்த கோடும் அவள் இழுத்து வரைந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் கட்டுரை எழுதுவோம். விழாவிட்டால் இருவரில் ஒருவர் தப்பு. பெரும்பாலும் அது நான்தான் என்று முடிவாகும். கிழிந்த துண்டை எடுத்து மேசை மேல் வைக்கலாம். கணக்கை அப்படி வைக்க முடியாது.

போன வருடம், நாட்காட்டியில் என் பெயர் வரும் பெயர்நாளன்று மாடி முழுக்க ஆட்கள். அழைக்காமல் வருவதுதானே முறை. குங்குமப்பூ போட்ட க்ளிங்கெரிஸ் ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துப் போயிருந்தேன். எங்கள் ஆய்வகத்தின் இயக்குநர் நார்முண்ட்ஸ் வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"வெல்கா, உன் கம்ப்யூட்டர்ல இத்தனை துணி பின்னி வச்சிருக்கியே. எனக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடேன். குளிர் தாங்கலை."

எவியா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"தாராளமா வாங்கிக்குங்க. வெல்காவோட துணி மாதிரி உலகத்துலயே கிடையாது. கிழியாது, நனையாது, சாயம் போகாது. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கூட போட்டுக்கிட்டதும் கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நார்முண்ட்ஸுக்குப் புரையேறி, யாரோ முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அவளுக்கு இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

அடுத்த வாரம் அவளே ஒரு யோசனை சொன்னாள். சோதனைக்கூடத்தில் இயந்திரத்தின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு பண்ணுவோம்டி. இனிமே உன் கணிப்ப எங்கிட்ட முன்னாடியே காட்டாத. நான் இழுத்து முடிச்சப்புறம் காட்டு. முன்னாடியே தெரிஞ்சா என் கை தானா அந்தப் பக்கம் சாயுது. அப்புறம் சரியா வந்தாலும் நம்பிக்கை வரமாட்டேங்குது."

"சரி."

"கெஞ்சினாலும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

நல்ல விதி. எங்கள் துறையில் மதிப்புள்ளவர்கள் எல்லோரும் கடைப்பிடிப்பது. சோதிக்கிறவருக்கு முடிவு முன்கூட்டித் தெரியக்கூடாது. அந்த விதியை நான் ஒரு முறைகூட மீறவில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோடையில் ரெனார்ஸின் பனிச்சறுக்கு வண்டிக்கு ஓடு செய்யும் வேலை வந்தது. அவன் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, பனித்தடத்தில் இறங்குகிறவன். உங்களுக்கு அது தெரியும். இந்த நாட்டில் அதைப் பார்க்காத குழந்தை கிடையாது. அந்த வண்டியில் பிரேக் இல்லை, திருப்புவதற்குக் கைப்பிடியும் இல்லை. தோளாலும் கெண்டைக்காலாலும் அழுத்தித்தான் திருப்ப வேண்டும். முதுகுக்கு அடியில் இருக்கும் ஓடு அந்த அழுத்தத்தை வாங்கி வண்டிக்குக் கொடுக்கிறது. அவனுடைய பழைய ஓடு நெய்த துணியில் செய்தது. தோள் வளைவில் மடிப்பு விழுந்து, அங்கே அவனுக்குக் குத்தியது. பின்னல் துணியில் செய்யலாம் என்று எவியா முடிவு செய்தாள்.

அச்சு எடுக்க அவனைச் சோதனைக்கூடத்துக்கே வரச் சொன்னாள். ஈரமான சாந்தில் அரை நிர்வாணமாகப் படுக்க வைத்தோம். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்ச உள்ள இழுக்காதடா" என்றாள் எவியா. "இழுத்தா வயித்துக்கு இடம் இருக்காது. அப்புறம் சீசன் முழுக்கப் பட்டினியாத்தான் இறங்கணும்."

"நேத்து பன்னிக்கொழுப்பு போட்டு ரெண்டு தட்டு பட்டாணி வச்சது யாரு? அத்தை, நீங்களே சொல்லுங்க. ஊட்டறதும் இவங்க, திட்டறதும் இவங்க."

"பேசாதடா, சாந்து ஆடுது."

"அத்தை, இவங்ககிட்டேர்ந்து என்னக் காப்பாத்துங்க."

நான் அவன் தலைமுடியில் ஒட்டிய சாந்தைத் துடைத்துவிட்டேன்.

அச்சின் வடிவத்தையும் பின்னல் விவரங்களையும் எவியா தானே அனுப்பினாள். கணக்குப் போடச் சொல்லவில்லை. ஆனால் போடுவேன் என்று அவளுக்குத் தெரியும். தடத்தின் வளைவுகளைப் பற்றி ரெனார்ஸைக் கேட்டேன். எந்த வளைவில் எந்தத் தோளை எவ்வளவு அழுத்துவான் என்று மேசையில் படுத்தே காட்டினான். அவ்வளவு ஆசையாக யாரும் என்னிடம் தரவுகளைக் கொடுத்ததில்லை.

தட்டையான துணியில் கண்ணிகள் எல்லாம் ஒரே மாதிரி. எவியா இழுத்துப் பார்த்த பட்டைகளும் தட்டையான துணியில் வெட்டியவைதான். தோள் வளைவின் மேல் போர்த்தும்போது துணி இழுபடுகிறது. அங்கே கண்ணிகள் அகலமாக வாய் பிளக்கின்றன. எந்தத் திசையில் பலம் வேண்டுமோ, அதற்குக் குறுக்கே இழைகள் படுத்துவிடுகின்றன. இதைத்தான் என் பழைய கணக்கு கவனிக்கவில்லை என்று எவியா ஒரு கருத்தரங்கில் எல்லோர் முன்னிலையிலும் காட்டியிருந்தாள். அவள் காட்டியது சரி. நான் திருத்திக்கொண்டேன். திருத்திய கணக்கில் போட்ட முதல் பொருள் அந்த ஓடுதான்.

இடது தோள். விளிம்பிலிருந்து மூன்றாவது வரிசைக் கண்ணிகள். சில வார ஓட்டங்களில் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் தொடங்கும். பிறகு ஒரு நாள், தடத்தின் அடிப்பகுதியில், வேகம் உச்சத்தில் இருக்கும் இடது வளைவில், மூலை பிய்ந்துவிடும்.

திரையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. என் கணக்குகள் அதுவரை சராசரிகளையே கொடுத்திருந்தன. ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டியது அதுவே முதல் முறை.

ஓடு தயாரான வாரம் எவியா காபிக்கு மேலே வந்தாள்.

"அந்த ஓட்டைக் கணக்குல போட்டுப் பாத்திருப்பியே. உன்ன எனக்குத் தெரியாதா."

"பாத்தேன்."

"என்ன சொல்லுது?"

"கெஞ்சினாலும் சொல்லக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அடிப்பாவி. என் பேச்சையே எனக்குத் திருப்பிக் குடுக்கிறியா?" சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "இல்லடி, விளையாட்டு வேணாம். அதுல படுக்கப்போறது என் பிள்ளை. தோள் பக்கம் ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

இதை நீங்கள் பொய் என்று எழுதிக்கொள்வீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் என் கையில் இருந்தது வெறும் கணிப்பு. சோதிக்கப்படாத கணிப்பை உண்மை என்று சொல்வதைத்தான் எங்கள் துறையில் பொய் என்போம்.

பனி போட்டதும் சனிக்கிழமைதோறும் ரயிலேறி, பனித்தடம் இருக்கும் கௌயா பள்ளத்தாக்குக்குப் போனேன். ஆய்வகத்தின் வேகக் கேமராவை எடுத்துப் போனேன். நொடிக்கு ஆயிரம் படங்கள் எடுக்கக்கூடியது. தடத்தின் அடிப்பகுதியில், அந்த இடது வளைவின் வெளிப்பக்கம், முக்காலியை நிறுத்துவேன். ரெனார்ஸ்தான் முக்காலியைத் தூக்கி வருவான். பயிற்சியாளர் ஐவோ வாக்கி-டாக்கியோடு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

"ஏம்மா, மேல பதினஞ்சு வளைவு சும்மா கெடக்கு. ஒண்ணை மட்டும் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே. வேண்டுதலா?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா விழுது."

"அத்தைக்கு அந்த வளைவு மேல காதல் ஐவோ. விடுங்க, பிரிக்காதீங்க" என்பான் ரெனார்ஸ்.

நவம்பர் போயிற்று. எதுவும் நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று. ஓடு அப்படியே இருந்தது. கணக்கை முதலிலிருந்து திரும்பப் போட்டேன். அதே இடம், அதே வரிசை. தப்பு எங்கே என்று தெரியவில்லை. எனக்குப் பசி போய்விட்டது. ரொட்டியை மென்றுகொண்டே, ஒருத்தர் கூட போட்டுக்கிட்டதும் கிடையாது என்ற வாக்கியத்தை நினைத்துக்கொண்டிருப்பேன். எவியா என்னைப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று மீன் சூப் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வண்டியை வேனில் ஏற்ற ரெனார்ஸுக்குக் கை கொடுத்தேன். ஓட்டின் அடிப்பக்கம் என் விரலில் தடிப்பாக ஏதோ பட்டது. தோளுக்கு நேர் கீழே.

"இது என்னடா?"

"அதுவா? அம்மா ஒட்டினாங்க. ரெண்டு தோளுக்கும் ரெண்டு ரெண்டு அடுக்கு கண்ணாடித் துணி. மனசு கேக்கலையாம்."

"எப்ப?"

"மொத மொத இறங்கறதுக்கு முந்தின நாள். உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. எனக்கு எவியா மேல் கோபம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. நான் ஒரு ஓட்டைக் கணித்திருந்தேன். அவள் வேறொரு ஓட்டைத் தடத்தில் இறக்கியிருந்தாள். இத்தனை வாரமும் என் சோதனை தொடங்கவே இல்லை. விதியை நான் காப்பாற்றினேன். அவள் யாருக்கும் தெரியாமல், எந்தக் காரணமும் இல்லாமல், ஒரு தாயின் பயத்தைக் கொண்டுவந்து நடுவில் ஒட்டியிருந்தாள்.

ரெனார்ஸுக்கு அந்த வருடம் தேசிய அணியில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தவறிக்கொண்டிருந்தது. அவன் வேறு எதையும் பேசுவதில்லை. தகுதிப் போட்டி பிப்ரவரியில். உடைமாற்றும் அறையில் அவன் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த ஒட்டு இருக்கிற வரைக்கும் ஓடு உன் தோள் சொல்றதக் கேக்காதுடா."

"கொஞ்சம் முரண்டு பண்ற மாதிரிதான் இருக்கு அத்தை. எனக்கு இன்னும் பழகலைன்னு நினைச்சேன்."

"பழகறதுக்கு ஒண்ணும் இல்ல. விறைப்பு. இங்க பாரு."

கணினியைத் திறந்து காட்டினேன். ஒட்டு உள்ள ஓடு எவ்வளவு தாமதமாக வளைகிறது, ஒட்டு இல்லாத ஓடு எவ்வளவு சீக்கிரம் வளைகிறது என்று இரண்டு கோடுகள். இரண்டும் உண்மையானவை. ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை. எத்தனை ஓட்டம் தாங்கும் என்பது வேறு படம். அதை அவன் கேட்கவில்லை.

இல்லை, கேட்டான். சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

"எடுத்துட்டா தாங்குமா?"

"உங்கம்மா கையால பின்னினது. தாங்காமப் போகுமா?"

அவனுக்கு அது பிடித்தது. சிரித்தான்.

"அம்மாகிட்ட சொன்னா விடவே மாட்டாங்க."

"போட்டி முடிஞ்சு சொல்லிக்கலாம். ஜெயிச்சிட்டு வந்த பிள்ளைய யாரு திட்டப்போறா?"

அவனுடைய விளையாட்டுச் சங்கத்தின் கொட்டகையில் வைத்து அவனே தேய்த்து எடுத்தான். நான் ஒட்டைத் தொடக்கூட இல்லை. தூசி உறிஞ்சும் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டேன். முகமூடி மூக்கருகில் விலகியிருந்தது. நிறுத்தச் சொல்லி, சரியாக இழுத்துவிட்டேன். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் அதில் கவனமாக இருப்போம்.

அதற்குப் பிறகு அவன் நேரம் குறைந்தது. நான் சொன்னபடியே குறைந்தது. கீழே நின்று வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவான். "அத்தை, பறக்குது" என்பான். ஒரு முறை என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். அடுத்த சனிக்கிழமை, சீரகம் போட்ட வெண்ணெய்க்கட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எனக்காகக் கொண்டுவந்தான். வீட்டில் செய்தது. நன்றாக இருந்தது.

போட்டிக்கு முந்தின வாரம், வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் நடந்தது. நான் என் இடத்தில் நின்றிருந்தேன். பனியில் எஃகு உரசும் சத்தம் மேலிருந்து வந்தது. அந்தச் சத்தம் எப்போதும் வண்டிக்கு முன்னால் வரும். கேமராவை ஓடவிட்டேன்.

கண்ணால் பார்த்தது ஒன்றும் இல்லை. வந்தான், இல்லை. அவ்வளவுதான். படத்தில்தான் எல்லாம் தெரிகிறது. அவன் இடது தோளை அழுத்துகிறான். ஓடு வளைகிறது. வளைந்தது திரும்பவில்லை. விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வெள்ளைக் கோடு தோன்றுகிறது, கண்ணி கண்ணியாக ஓடுகிறது, ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியிடம் பாரத்தைக் கொடுத்துவிட்டு விடுகிறது. பிறகு மூலை தனியாகப் பறக்கிறது. தோளுக்கு அடியில் எதுவும் இல்லை. வண்டி மேலே ஏறுகிறது. அதற்கு அப்புறம் நடந்தது என் ஆய்வுக்குத் தேவையில்லாதது. கேமரா அதையும் எடுத்திருக்கிறது.

நான் முதலில் படத்தைச் சேமித்தேன். பிறகு தடத்தின் ஓரமாகப் போய், பனியில் கிடந்த அந்த மூலையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அளக்க வேண்டியிருந்தது. பிறகுதான் கீழே போனேன். அதற்குள் ஐவோ அவன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். நான் முன்பே போயிருந்தாலும் முதுகெலும்புக்கு எந்த வித்தியாசமும் ஏற்பட்டிருக்காது என்று பின்னால் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவன் இனி நடக்கமாட்டான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

மருத்துவமனை வராந்தாவில் எவியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டு எங்கடி போச்சு? ரெண்டு அடுக்கு ஒட்டினேன். உடைஞ்சதுல எங்கயும் காணோங்கிறாங்க. பிரிஞ்சு போயிருக்கும்னு சொல்றாங்க. சரியாக் காயறதுக்குள்ள குடுத்து அனுப்பிட்டேனா?"

"உன் தப்பு இல்ல" என்றேன்.

அது உண்மை.

அவள் தலையை என் தோளில் வைத்து அழுதாள். அவள் கைகளில் ரெசின் வாசனை இருந்தது. அந்தக் கைகளை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உங்கள் விசாரணைக் குழு வந்தது. உங்கள் அறிக்கையை நான் முழுவதும் படித்தேன். கையால் ஒட்டிய அடுக்கு பிரிந்ததே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். துண்டுகள் கிடைக்காத நிலையில் அது நியாயமான ஊகம்தான். எவியா நீங்கள் கேட்பதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டாள். சோதனைக்கூடத்துச் சாவியை என் மேசையில் வைத்தாள். "நீ பாத்துக்கோ. நான் இனிமே எதையும் ஒட்டமாட்டேன்" என்றாள். அதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றுக்கொள்ள முடியாதது கடைசிப் பக்கத்தில் இருக்கும் வாக்கியம். பின்னல் துணியில் செய்த ஓடு எப்போது, எங்கே உடையும் என்பதை இன்றைய கணினிக் கணக்குகளால் முன்கூட்டி அறிய இயலாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அறிய முடியும். நான் அறிந்திருந்தேன்.

இதோ, அந்த மூலை. அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பசை பிரிந்திருந்தால் வழவழப்பாக இருக்கும். இது சொரசொரக்கிறது. தேய்த்தது. மேல்பக்கம் திருப்பி, விளிம்பிலிருந்து எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. கிழிசல் அங்கேதான் தொடங்குகிறது. கோடையிலேயே என் கணக்கு சொன்ன வரிசை. கணக்கு இந்தக் கணினியில் இருக்கிறது, தேதியோடு. படமும் இருக்கிறது. ஓட்டங்களின் எண்ணிக்கையில் மட்டும் சிறிய பிழை உண்டு. நான் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கியது. அவள் நன்றாகப் பின்னியிருந்தாள்.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை. எதையும் உடைக்கவில்லை. அது உடையும் என்று தெரிந்து, அவன் அதில் படுத்து இறங்கக் காத்திருந்தேன். உடையாமல் தடுத்ததை அவன் கையாலேயே எடுக்க வைத்தேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அவன் என் சோதனைத் துண்டு. அறிக்கையின் அந்த வாக்கியத்தைத் திருத்திவிட்டால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்று நான் இங்கே வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நேற்று கடலோரத்து மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனேன். படத்தைக் கட்டுரையில் சேர்க்க ரெனார்ஸின் சம்மதம் வேண்டும். அவன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். தோள்கள் இன்னும் அகலமாகத்தான் இருக்கின்றன. எவியா அவனுக்குக் கெஃபிர் மோர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சம்மதத் தாளை நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டான். "உங்களுக்கு உபயோகப்பட்டா சரி அத்தை" என்றான். நான் கோட்டை மாட்டிக்கொண்டேன். கதவு வரை வந்துவிட்டேன்.

"அத்தை."

திரும்பினேன். அவன் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா சரியா சாப்பிடறதே இல்ல. அந்தப் பசை டப்பாவ எடுத்து வச்சுக்கிட்டு, என் கைதான் சரியில்ல, என் கைதான் சரியில்லன்னு உக்காந்திருக்காங்க. பாக்க முடியல. ஒட்டை நான்தான் தேய்ச்சு எடுத்தேன்னு சொல்லிடறேன் அத்தை. உங்க பேரு வராது. வேகம் வேணும்னு நானா எடுத்தேன்னு சொல்றேன். சொல்லட்டுமா?"